உங்கள் தொழிலைக் கூச்சமில்லாமல் எப்படி அறிமுகப்படுத்திக்கொள்வீர்கள்? ஒரு பினாங்கு வீட்டு ஏஜெண்டின் பதில்

கேள்வி இதுதான்: நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் "என்ன வேலை செய்றீங்க?" என்று யாராவது கேட்டால், உங்கள் தொழிலைப் பெருமையோடு எப்படிச் சொல்வீர்கள்?

நான் சொல்வது இவ்வளவுதான்: "வணக்கம், நான் வீட்டு ஏஜெண்டு. பினாங்குத் தீவிலும் அக்கரையிலும் வீடு வாங்க, விற்க, வாடகைக்கு எடுக்க வருகிறவர்களுக்கு வேலை செய்கிறேன். பதினோரு வருடமாகிறது."

ஆரம்பத்தில் இப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதல் இரண்டு வருடம் யார் கேட்டாலும் "சேல்ஸ்ல இருக்கேன்" என்று பேச்சை முடித்துவிடுவேன். புரோக்கர் என்ற சொல்லை நம் சனம் உச்சரிக்கிற விதம் உங்களுக்கே தெரியும். ஒரு கல்யாணத்தில் சித்தப்பா முறை உள்ளவர், "படிச்ச பிள்ளை, ஏம்மா சாவியத் தூக்கிட்டு வீடு வீடா அலையிற?" என்று கேட்டார். அக்கறையில்தான் கேட்டார், எனக்கும் தெரியும், ஆனாலும் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இன்று அதே கேள்வியை யார் கேட்டாலும் உட்காரவைத்து அரை மணி நேரம் பதில் சொல்வேன். அந்த அரை மணி நேரப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கழுத்தில் தொங்கும் சிவப்பு டேக். இதில் என் படம், பெயர், ரென் எண் எனும் பதிவு எண், நிறுவனத்தின் பெயர், ஒரு கியூஆர் குறியீடு எல்லாம் இருக்கும். கைப்பேசியில் ஸ்கேன் செய்தால் என் பதிவு செல்லுபடியாகிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம். மலேசியாவில் இந்தத் தொழிலுக்கென்று 1981ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, 242ஆம் எண் சட்டம், அதன்கீழ் ஒரு வாரியமும் இருக்கிறது. பதிவில்லாமல் இந்த வேலையைச் செய்வது குற்றம். இரண்டு நாள் சான்றிதழ் வகுப்பில் உட்கார்ந்து, பதிவு பெற்ற ஒரு நிறுவனத்தில் சேர்ந்த பிறகுதான் டேக் கைக்கு வரும், அதுவும் ஒரு நேரத்தில் ஒரே நிறுவனம்தான். சட்டக் கணக்கில் பார்த்தால் எஸ்டேட் ஏஜெண்டு என்பவர் என் நிறுவனத்தை நடத்தும் அம்மா, அவர் பரீட்சை எழுதி, பயிற்சிக் காலத்தை முடித்து வாரியத்தில் பதிந்துகொண்டவர். நான் அவருக்குக் கீழே, பேசி முடித்துக்கொடுக்கும் வேலை செய்யும் நெகோஷியேட்டர். ஊரில் எல்லாரையும் ஏஜெண்டு என்றே கூப்பிடுகிறார்கள், ஆனால் நேரம் கிடைத்தால் நான் இந்த வித்தியாசத்தையும் சேர்த்தே சொல்லிவிடுவேன். எனக்கு உள்ள தகுதியை உள்ளபடி சொல்வதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

சரி, இனி என் வேலை என்னவென்று காட்ட, அக்கரையில் பட்டர்வொர்த்தில் இருந்த ஒரு வீட்டின் கதைக்கு வருகிறேன்.

ஒரு மாடி டெரஸ் வீடு, ஓரத்து லாட். அழைத்தது அந்தக் குடும்பத்தின் மூத்த அக்கா. நான் போனபோது சமையலறை மேசையில் ஒரு பழைய பிஸ்கட் டின்னை வைத்துக்கொண்டு காத்திருந்தார். உள்ளே தண்ணீர் பில், கதவு வரி ரசீதுகள், அப்பாவின் துறைமுக வேலை அட்டை, எல்லாவற்றுக்கும் அடியில் பிளாஸ்டிக் உறைக்குள் நாலாக மடித்த கிராண்ட், அதாவது நிலப் பட்டா. மடிப்பு விழுந்த இடங்களில் எழுத்து மங்கியிருந்தது. "ஒண்ணும் பிரச்சினை இல்லையே? தம்பி ஆள் பாத்துட்டான்" என்றார். கோப்பிக் கடையில் அறிமுகமான ஒருவர் மூலமாகத் தம்பி வாங்குகிற ஆளைப் பிடித்து, ஐயாயிரம் வெள்ளி (ரிங்கிட்) முன்பணமும் கையில் வாங்கியிருந்தார். நடுவில் நின்ற அந்த மனிதரிடம் டேக்கும் இல்லை, நிறுவனமும் இல்லை.

நான் கிராண்டை விரித்துப் படித்தேன். பெயர் அப்பாவுடையது. அப்பா இறந்து ஒன்பது வருடம், அம்மா அவருக்கும் முன்பே போய்விட்டார், உயில் இல்லை.

"அக்கா, இந்த வீட்டை இன்னைக்கு யாராலும் விக்க முடியாது. இது இன்னும் அப்பா வீடுதான். அந்தப் பணத்த முதல்ல திருப்பிக் குடுத்திருங்க" என்றேன். தம்பிக்குக் கோபம் வந்தது. வாடிக்கையாளரைக் கெடுக்க வந்தவள் என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னார். அக்கா மட்டும், "என்ன செய்யணும், நீயே சொல்லும்மா" என்றார்.

செய்யவேண்டியது என்னவென்றால், மாவட்ட நில அலுவலகத்தில் சிறு சொத்துப் பங்கீட்டுக்கு மனு போடவேண்டும். 1955ஆம் ஆண்டிலிருந்தே அதற்குச் சட்டம் இருக்கிறது, ஆனால் நம் குடும்பங்களில் பாதிப் பேருக்கு அப்படி ஒரு வழி இருப்பதே தெரிவதில்லை. இறப்புச் சான்றிதழ், ஐந்து பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், ஐசி (அடையாள அட்டை) நகல், கிராண்ட், எல்லாம் சேர்க்கவேண்டும். ஒரு அண்ணன் ஜோகூரில், ஒரு தங்கை சிங்கப்பூரில். ஒருவர் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தது, அதற்கே இரண்டு மாதம் ஓடியது. விசாரணை நாளன்று அக்காவை என் காரில்தான் அழைத்துப் போனேன். அங்கே அதிகாரி மலாயில் கேட்கக் கேட்க அக்காவின் காதோரம் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஐந்து பேருக்கும் சம பங்கு என்று உத்தரவு வந்தது. மனு போட்ட நாளிலிருந்து எல்லார் பெயரும் கிராண்டில் ஏறும் வரை பதினான்கு மாதம். அதற்கு நான் ஒரு காசு வாங்கவில்லை, அந்த வேலைக்குக் கட்டணம் கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

அப்புறம்தான் வீடு விற்பனைக்கு வந்தது. 390,000 வெள்ளிக்கு ஒரு இளம் ஆசிரியத் தம்பதி எடுத்தார்கள். அவர்கள் கொடுத்த முன்பணம் என் கைக்கோ அக்கா கைக்கோ வரவில்லை, நேராக நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்குக்குப் போனது, வக்கீல் முன் ஒப்பந்தம் கையெழுத்தானபோது பத்து விழுக்காட்டில் மீதியைக் கட்டினார்கள். சாவி கொடுக்கும் நாளில் அக்கா சாவிக்கொத்திலிருந்த தண்ணீர்மலை முருகன் படத்தைக் கழற்றலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு கழற்றாமலே அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். என்னைச் சாபமிடாத குறையாகத் திட்டிய அந்தத் தம்பி இருக்கிறாரே, இன்றுவரை எனக்கு மூன்று பேரை அனுப்பிவைத்திருக்கிறார்.

காகிதத்தைப் படித்துச் சொல்வதில் எனக்கு ஏன் இத்தனை பிடிவாதம் என்றால், அதற்கு என் பாட்டிதான் காரணம். நாங்கள் ஜோர்ஜ்டவுனில், லிட்டில் இந்தியாவுக்குப் பின்னால் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தோம். 1948 ஜனவரிக்குள் கட்டிய பழைய கட்டடங்களுக்கு அப்போது வாடகைக் கட்டுப்பாடு இருந்தது, பாட்டி கொடுத்த வாடகையில் இன்றைக்கு ஒரு வேளை குடும்பத்தோடு சாப்பிடக்கூட முடியாது. 1997இல் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கச் சட்டம் வந்தது, 2000 ஜனவரியோடு முழுசாகப் போய்விட்டது. எங்களுக்கு ஒரு கடிதம் வந்தது. பாட்டி அதை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு மாவுக் கடைக்காரரிடம் போனார், அவர் இன்னொருவரைக் காட்டினார், அவர் "காலி பண்ணச் சொல்லியிருக்கு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். எத்தனை நாள் அவகாசம், யாரிடம் பேசலாம், எதுவும் யாரும் சொல்லவில்லை. எனக்கு அப்போது பதினான்கு வயது. லோரியில் பானை சட்டியோடு ஃபெரியேறி அக்கரையிலிருக்கும் பிறை என்ற ஊருக்குப் போனோம். உரிமையாளரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை, அவருக்கும் பத்து இருபது வருடமாக ஓடு மாற்றக்கூடக் கட்டுப்படியாகாத வாடகைதான் வந்திருக்கும். எங்களிடம் அந்தக் கடிதத்தை உட்கார்ந்து வாசித்துச் சொல்ல ஓர் ஆள் இல்லை என்பதுதான் எனக்கு மறக்காமல் நிற்கிறது.

வாடகை வேலையைப் பற்றியும் சொல்லவேண்டும், நம்மவர்கள் எல்லாருக்கும் பட்ட விஷயம் இது. சுங்கை ஆராவில் ஒரு அபார்ட்மெண்ட், உரிமையாளர் வயதான சீன அங்கிள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருக்கும் ஒரு தம்பி, மனைவி, கைக்குழந்தை. அதற்கு முன் ஏழு வீட்டுக்கு ஃபோன் போட்டு, பெயரைச் சொன்னதுமே "வீடு போயிருச்சு" என்று கேட்டு நொந்துபோயிருந்தார். அங்கிளும் என்னிடம் அதையேதான் சொன்னார், இந்தியர் வேண்டாம் என்று, நான் யாரென்று நினைத்தாரோ தெரியவில்லை, ஃபோனில் ஹொக்கியன் சீனத்தில் பேசிக்கொண்டிருந்தேன். நான் சண்டை போடவில்லை. "அங்கிள், நானும் இந்தியர்தான். நாளைக்கு நேரில் வருகிறேன், பத்து நிமிடம் கொடுங்கள்" என்றேன். சம்பளச் சீட்டு, வேலைக் கடிதம், பழைய வீட்டுக்காரர் கொடுத்த கடிதம், மூன்று வருட மின்சாரக் கட்டண ரசீது, எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டுக்கொண்டு போனேன். அங்கிளுக்கு என்ன பயம் என்று கேட்டேன். முன்பு ஒருவர் ஐந்து மாத வாடகை பாக்கி வைத்துவிட்டு இரவோடிரவாகப் போய்விட்டாராம். அது நியாயமான பயம்தான், அதற்கு மருந்து ஆவணமும் வைப்புத்தொகையும் ஒழுங்கான ஒப்பந்தமும்தான், இனத்தைப் பார்ப்பது அல்ல என்று சொன்னேன். வீட்டைப் பார்க்க அந்தத் தம்பி குடும்பத்தோடு வந்தபோது குழந்தை அங்கிளின் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. ஆறு வருடம் அதே வீட்டில் இருந்தார்கள். எல்லா அங்கிளும் இப்படி இல்லை, நான் திரும்பி வந்த வாசல்களும் நிறைய. அப்படி வேண்டாம் என்று சொல்கிறவர்களின் வீட்டை நான் என் பட்டியலில் வைத்துக்கொள்வதில்லை.

இந்த வேலையில் பணம் எப்படி என்று கேட்பீர்கள். விற்பனை என்றால் கட்டணம் விலையில் 3 விழுக்காடு வரைதான், அதற்கு மேல் கேட்கக் கூடாது, வழக்கமாக விற்கிறவர்தான் கொடுப்பார். 400,000 வெள்ளி வீட்டுக்கு 12,000 என்று கேட்டால் பெரிதாகத் தெரியும். வாங்குகிறவர் பக்கம் வேறு ஏஜெண்டு இருந்தால் பாதி அங்கே போகும், மீதியில் நிறுவனத்தின் பங்கு போகும். அதுவும் லோன் கிடைத்து, ஒப்பந்தம் கையெழுத்தானால்தான். சம்பளம் என்று ஒன்று இல்லை. எனக்கு மூன்று மாதம் ஒன்றும் வராமல் இருந்த காலமும் உண்டு, பெட்ரோல் காசைத் தங்கையிடம் வாங்கியிருக்கிறேன்.

அப்படியிருந்தும் விற்காதீர்கள் என்று சொல்லவேண்டிய நேரம் வரும். சென்ற வருடம் புக்கிட் மெர்தாஜமில் ஒரு அக்கா, வாடகைக்கு விட்டிருந்த வீட்டை விற்கக் கேட்டார். அவர் அந்த வீட்டை வாங்கியபோது போட்ட ஒப்பந்தத்தின் தேதியைப் பார்த்தேன், ஐந்து வருடம் முடிய நான்கு மாதம் பாக்கி. ஐந்தாம் வருடத்தில் விற்றால் லாபத்தில் 15 விழுக்காடு சொத்து ஆதாய வரி, ஐந்து வருடம் தாண்டி ஆறாவது வருடத்தில் விற்றால் குடியுரிமை உள்ளவருக்கு வரியே இல்லை. சொந்தக் குடியிருப்புக்கு வாழ்நாளில் ஒருமுறை கிடைக்கும் விலக்கையும் அவர் முந்தைய வீட்டுக்கே பயன்படுத்தியிருந்தார். "நாலு மாசம் பொறுங்க அக்கா" என்றேன். பொறுத்தார். சில ஆயிரம் வெள்ளி அவர் கையிலேயே நின்றது.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்து, எப்படிச் சொல்வது என்று தயங்கிக் கேள்வி கேட்டவர் நீங்கள் என்றால், என் யோசனை ஒன்றுதான். "ஏஜெண்டு" என்று சொல்லிவிட்டு உடனே "ஆனா..." என்று எதையும் சேர்க்காதீர்கள். டேக்கைச் சட்டைக்குள் போட்டுக்கொள்ளாதீர்கள். யாராவது ஸ்கேன் செய்து பார்க்கட்டுமா என்று கேட்டால் சந்தோஷமாகக் கழற்றிக் கையில் கொடுங்கள்.

போன வெள்ளிக்கிழமை கோயிலில் அன்னதானத்துக்கு வரிசையில் நின்றோம். அம்மா பக்கத்திலிருந்த ஒரு பெண்ணிடம் என்னைக் காட்டி, "என் மக, வீட்டு ஏஜெண்டு" என்றார், நான் கேட்கவே இல்லை, அவராகவே சொன்னார். அந்தப் பெண் தட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு கொஞ்சம் நெருங்கி வந்தார். "எங்க மாமியார் பேருல ஒரு வீடு இருக்கும்மா. அவங்க போயி மூணு வருஷம் ஆச்சு. கிராண்ட் எங்கிட்டதான் இருக்கு, அதுல என்ன எழுதியிருக்குன்னே தெரியல" என்றார்.

"சாப்பிட்டதும் உங்க வீட்டுக்கே வரேன் அக்கா, எடுத்து வைங்க. படிச்சுச் சொல்றேன்" என்றேன்.