தண்ணீர் பில் மூன்று மடங்கு: எங்கே போகிறது?

கேள்வி: வீட்டில் நான்கே பேர். எந்தக் குழாயும் ஒழுகவில்லை. ஆனாலும் இந்த முறை தண்ணீர் பில் மூன்று மடங்கு வந்திருக்கிறது. மீட்டர் வழியாக சம்புக்கு வரும் தண்ணீரை மோட்டார் போட்டு மாடி டேங்குக்கு ஏற்றுகிறோம். என்ன செய்வது?
– வாசகி, கோவை

பதில்: பிளம்பரைக் கூப்பிடும் முன் பில்லையும் மீட்டரையும் ஒப்பிடுங்கள். கறுப்பு எண்கள் கிலோலிட்டர், அதாவது ஆயிரம் லிட்டர். சிவப்பு எண்கள் அதற்கும் குறைந்த லிட்டர் கணக்கு. பில்லில் உள்ள ரீடிங் இன்றைய மீட்டரைவிட அதிகமாக இருந்தால், தவறாகக் குறித்திருக்கிறார்கள். போட்டோ எடுத்து எழுத்தில் புகார் கொடுங்கள்.

ரீடிங் சரிதானா? தண்ணீர் வரும் நேரத்தில் சம்பு வாய் வால்வை மூடிவிட்டு மீட்டரின் குட்டிச் சக்கரத்தைப் பாருங்கள். அப்போதும் சுற்றினால் மண்ணுக்கடியில் குழாய் கசிகிறது. நின்றுவிட்டால் சந்தேகம் சம்பு மேல். அந்த வால்வு மூடியபடியே இருக்க, இரவு மோட்டாரை நிறுத்தி, நீர்மட்டத்தைச் சாக்பீஸால் குறித்து வையுங்கள். காலையில் இறங்கியிருந்தால் சம்பில் விரிசல். இறங்கவில்லையென்றால் மிதவை வால்வைப் பாருங்கள். அது முழுதாக மூடாமல், உபரிக் குழாய் வழியே தண்ணீர் சாக்கடைக்குப் போவது யார் கண்ணிலும் படாது.

அடுத்தது ஃப்ளஷ் டேங்க். பெரும்பாலும் இதுதான் திருடன்! அதில் பத்துச் சொட்டு சொட்டுநீலம் விட்டு, அரைமணி நேரம் ஃப்ளஷ் செய்யாதீர்கள். கோப்பையில் நீலம் தெரிந்தால் அடி வாஷர் தேய்ந்திருக்கிறது. மணிக்கு 10 லிட்டர் கசிந்தாலே மாதம் 7,200 லிட்டர்.

விட்டுவிட்டு சப்ளை வரும் தெருக்களில் இன்னொன்று: தண்ணீருக்கு முன்னால் வரும் காற்றும் மீட்டரைச் சுற்றும். குழாய் சீறும்போதே எண் ஓடினால் அதையும் புகாரில் எழுதுங்கள்.