தருமபுரி போர்வெல் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு நீங்குமா?

நீங்காது. ஃபுளோரைடு, பாறையிலிருந்து நிலத்தடி நீரில் கரையும் உப்புப் பொருள்; அளவு மிஞ்சினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும். நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். கொதித்தால் போதும் என்று நம்பி, அந்த நீரைக் குழந்தைகளுக்குக் கொடுப்பவர்களை நினைத்தால் மனம் பதறுகிறது.

பாறையிலுள்ள கால்சியம் ஃபுளோரைடு நீரில் மிகச் சிறிதளவே கரையும். கரைவதும் திரும்பப் படிவதும் ஒரே வேகத்தில் நடக்கும் நிலைதான் சமநிலை. அப்போது கால்சியம் அயனியின் செறிவை ஃபுளோரைடு செறிவின் வர்க்கத்தால் பெருக்கினால் வரும் எண், வெப்பநிலை மாறாதவரை ஏறத்தாழ மாறாது. ஆகவே நீரில் கால்சியம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தால், ஃபுளோரைடு இரு மடங்கு வரை கரையலாம். சோப்பு நன்றாக நுரைக்கும் மென்னீரை நல்ல தண்ணீர் என்கிறோம். இந்தப் பகுதியில் முதலில் பரிசோதிக்க வேண்டியதே அந்தத் தண்ணீரைத்தான்!

கொதிக்கும்போது கால்சியம், கார்பனேட்டாகப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறது. ஃபுளோரைடோ பெரும்பாலும் நீரிலேயே தங்கிவிடுகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் உள்ள நீர் பாதியாக வற்றினால், லிட்டருக்கு ஏறக்குறைய 3 மில்லிகிராம் ஆகிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவே 1.5தான்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தால், குடிக்க மட்டுமல்ல, சோறு பொங்கவும் குழம்பு வைக்கவும் அதையே பயன்படுத்துங்கள். போர்வெல் நீர் துணி துவைக்க இருக்கட்டும்.