பதில்: பிடிஎஃப்பில் எழுத்துப் பெட்டி திரும்ப மறுக்கிறது

வணக்கம் நண்பரே. வரைபடத்தின் இடது சுவரை ஒட்டி எழுத்து செங்குத்தாக நிற்க வேண்டும், அம்புக்குறிப் படம் 30 பாகை சாய வேண்டும். உங்கள் செயலியில் இரண்டுக்கும் வழியில்லை என்கிறீர்கள். பிடிஎஃப்பில் குறிப்பெழுதும் பல செயலிகளில் இதே கதைதான்.

எழுத்துக்கு ஒரு குறுக்குவழி உண்டு. பக்கத்தையே கடிகாரத் திசையில் 90 பாகை திருப்புங்கள். இடது சுவர் மேலே வந்துவிடும். அங்கே வழக்கம்போல் தட்டச்சு செய்துவிட்டுப் பக்கத்தைப் பழைய நிலைக்குத் திருப்பினால், எழுத்து கீழிருந்து மேலாக நிற்கும். திரையில் தெரியும் பார்வையை மட்டும் திருப்பினால் போதாமல் போகலாம். பக்கத்தைத் திருப்பும் கட்டளையையே பயன்படுத்துங்கள். பிடிஎஃப்பில் பக்கச் சுழற்சி 90இன் மடங்குகளில்தான் பதிவாகும், அதனால் 30 பாகைக்கு இந்த வித்தை உதவாது.

அம்புக்குறியைப் படத் திருத்தியில் சாய்த்து, ஒளி ஊடுருவும் பின்புலத்தோடு பிஎன்ஜி கோப்பாகச் சேமித்துச் செருகுங்கள். ஜேபெக் வேண்டவே வேண்டாம், அதில் ஒளி ஊடுருவும் பின்புலம் நிற்காது: சாய்த்த படத்தின் நான்கு மூலைகளிலும் வெள்ளை முக்கோணங்கள் வந்து உங்கள் கோடுகளை மறைக்கும்.

இதெல்லாம் சலிப்பாக இருந்தால் லிப்ரே ஆஃபீஸ் டிரா என்ற இலவச வரைகலை மென்பொருளில் பிடிஎஃப் கோப்பைத் திறந்து, திருப்ப வேண்டிய எழுத்தையோ படத்தையோ தேர்ந்து எஃப்4 விசையை அழுத்துங்கள். சுழற்சிக் கோணத்தை எண்ணாகவே தரலாம். ஆனால் மூல எழுத்துரு கணினியில் இல்லையென்றால் வரிகள் இடம்பெயரும். எனவே நகலில் மட்டும் செய்யுங்கள்.