ராமநாதபுரம் கடலோரத்தில் சாதாரண மக்கள் குரல் கொடுத்து மின்திட்டங்கள் மாறியிருக்கிறதா?

மாறியிருக்கிறது. உப்பூரையே பாருங்கள். பாக் நீரிணைக் கரையில் 1,600 மெகாவாட் அனல்மின் நிலையம் கட்டத் தொடங்கினார்கள். மீனவர்களும் விவசாயிகளும் விடாமல் எதிர்த்தார்கள், வழக்கு சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. 2021 மார்ச்சில் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அந்த நிலையத்தின் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. இப்படி அனுமதியை எதிர்ப்பதாக இருந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும், தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் கிடைக்கும். அதைத் தாண்டினால் கதவு மூடிவிடும். கடல் பாடு, களத்து வேலை என்று இருப்பவர்களுக்கு இந்தக் கெடு ரொம்பவே குறைச்சல்.

சரி, சூரிய மின்சாரம் என்றால் பிரச்சினையே இல்லையா? இதே மாவட்டத்தில், கொஞ்சம் உள்ளே தள்ளி, கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் நிலையம் வந்தது. நிலக்கரிப் புகை கிடையாது, நல்ல விஷயம்தான். ஆனால் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி சூரியத் தகடு நிலையங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதியும் வேண்டாம், பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் வேண்டாம். அதனால் மேய்ச்சல் நிலம், கண்மாய் வரத்துக்கால் பற்றிக் கேட்க கிராமசபைதான் கைக்கெட்டும் இடம். ‘வரத்துக்காலை மறிக்கக் கூடாது’ என்று சர்வே எண்ணோடு தீர்மானம் எழுதி, நகலைக் கையோடு வாங்கிவிடுங்கள். வாய்ப்பேச்சு ஏட்டில் ஏறாது.

வீட்டுக் கூரையில் போட நினைத்தால் பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு ₹78,000 மானியம் உண்டு. மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் உப்புக்காற்றில் சாதா இரும்புத் தாங்கி சீக்கிரம் துருப்பிடிக்கும்; துத்தநாகம் தோய்த்ததா என்று கேட்டு வாங்குங்கள்.