தீவுகளில் போடும் கடற்பாசி உரம் நம் மஞ்சளுக்கு ஒத்துவருமா?

அயர்லாந்துத் தீவுகளில் கடற்பாசியை அப்படியே நிலத்தில் பரப்பி உருளைக்கிழங்கு விளைவிப்பதைக் காணொளியில் பார்த்துவிட்டு, ஈரோடு மாவட்டத்துச் சிவகிரிப் பக்கம் மஞ்சளுக்கும் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடலாம், ஆனால் அவர்களைப் போல் போடக் கூடாது. போட்டுப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். இவன் இயற்கை உரத்துக்கு எதிரி என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். என் தோட்டத்துக்குள் யூரியா மூட்டை நுழைந்து வெகுகாலம் ஆகிறது.

அயர்லாந்தின் அரன் தீவுகளில் இருப்பது சுண்ணாம்புப் பாறை. அதன்மேல் மணலையும் பாசியையும் மாற்றி மாற்றிப் பரப்பித்தான் அங்கே மண்ணையே உண்டாக்கினார்கள். கரையில் ஒதுங்கும் பாசிக்கு விலை இல்லை. ஆண்டுக்கு 1000 மி.மீ.க்கு மேல் பெய்யும் மழை உப்பைக் கழுவிவிடும். நமக்கு 700 மி.மீ. பெய்தாலே நல்ல வருடம். பாசியோடு வரும் உப்பு வேரடியிலேயே தங்கிவிடும்.

தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் போனபோது பாம்பன் கரையில் கட்டக்கோரை என்னும் பழுப்புக் கடற்பாசி ஒதுங்கிக் கிடந்தது. ஈரோட்டுக்குக் கருவாடு ஏற்றிவரும் வண்டிக்காரர் ஒருவர் பழக்கம் என்பதால், கரையில் ஒதுங்கியதை மட்டும் சில மூட்டைகள் கொண்டுவரச் சொன்னேன். (மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே போய் அள்ளிவரலாம் என்று நினைக்காதீர்கள்.)

மூட்டையைப் பிரித்ததும் அம்மாயி மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏன் கண்ணு, நம் பட்டியில் எரு தீர்ந்துபோயிற்றா?" என்றார். காய்ந்த பாசியைக் கையில் பிடித்தால் மிளகளவு காற்றுக் காய்கள் பட்பட்டென்று உடைகின்றன. இடுக்கெல்லாம் பொடிச் சிப்பி. மேலே மாவு தூவியதுபோல் உப்பு பூத்திருந்தது. தொட்டியில் போட்டு, நாக்கில் வைத்தால் கரிப்பு தெரியாத வரை அலசினேன். அலசிய தண்ணீர் தென்னைக்குப் போயிற்று. தென்னைக்கு உப்பு வைப்பது பழைய வழக்கம்தான். பாசியைச் சாணத்தோடு குப்பைக்குழியில் மக்கவிட்டு, மஞ்சளுக்கு மண் அணைக்கும்போது வைத்தேன்.

இலை கருகவில்லை, பயிர் பச்சையாக நின்றது. கிழங்கு பெருத்தது பாசியால்தான் என்று அடித்துச் சொல்லமாட்டேன், சாணமும் கூடவே போயிருக்கிறது. பாசியில் சாம்பல் சத்து (பொட்டாஷ்) தாராளம், மணிச்சத்து (பாஸ்பரஸ்) சொற்பம். ஆகவே எருவின் இடத்தை அது பிடிக்காது. வண்டி வாடகையைக் கணக்குப் பார்த்தால் அதே காசுக்கு நிலத்தில் ஆடுகளை இரவில் அடைத்து எருவுக்காக ஆட்டுப்பட்டி போட்டுவிடலாம்.

கடையில் விற்கும் பாசிச் சாறு வேறு சமாச்சாரம். அதிலுள்ள வளர்ச்சி ஊக்கிகளுக்காகத் தண்ணீரில் கலந்து இலையில் தெளிப்பது. அது உரமல்ல, டானிக். 2021இல் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் இவற்றையும் சேர்த்துவிட்டார்கள் என்பதால், லேபிளைப் பார்த்து வாங்குங்கள். யூரியா கேட்டால் பாசிக் குருணையையும் சேர்த்து வாங்கினால்தான் ஆயிற்று என்று கட்டாயப்படுத்தும் கடைக்காரரிடம் மட்டும் போகாதீர்கள்.

உப்புக்கு ஏன் இத்தனை பயம் என்பீர்கள். நொய்யல் ஓரத்தில் தோட்டம் வைத்திருப்பவனிடம் கேட்கிற கேள்வியா அது? பாசனத்துக்கென்று 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ப் பட்டறைகளின் உப்பு மிகுந்த சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்று. 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதைச் செய்தித்தாளில் எல்லாரும் படித்திருப்பீர்கள். அதன் பிறகும் எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்கவில்லை என்பதை யார் எழுதினார்கள்? பனியன் தொழிலில் பிழைக்கும் சொந்தக்காரர்கள் எனக்கும் உண்டு, அவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆற்றைக் கெடுத்த காசில் இயற்கை விவசாய மாநாட்டுக்குப் பந்தல் போடுகிறவர்களைத்தான் சொல்கிறேன்.

உங்கள் கிணற்று நீரின் ஈ.சி. (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத் திறன்) எவ்வளவு என்று கேள்வியில் இல்லை. மண், நீர் இரண்டையும் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து அந்த எண்ணை இங்கே எழுதுங்கள், வண்டிக்குச் சொல்வதா வேண்டாமா என்று பிறகு பார்க்கலாம்.