துணி நாப்கின் கசிகிறதா? முதலில் கம்ஃபர்ட்டை நிறுத்துங்கள்

நாலு மாதமாக மாதவிடாய்த் துணி நாப்கின் ஈரத்தை இழுக்காமல் ஓரத்தில் கசிகிறது, துவைத்தாலும் வாடை போகவில்லை, துணியை மென்மையாக்கும் திரவமான கம்ஃபர்ட்டில்தான் அலசுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் காரணம் அதுதான். அந்தத் திரவம் நூலிழை மேல் வழுவழுப்பான படலமாகப் படியும். ஈரம் உள்ளே இறங்காமல் மேலேயே ஓடும். போர் தண்ணீரில் சோப்பு சரியாக அலசப்படாவிட்டாலும் இதே கதி.

படிந்ததை நீக்க, துவைத்த நாப்கினைச் சோப்பே போடாமல், கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, நுரை வருவது நிற்கும்வரை அலசுங்கள். மூன்று நான்கு தடவைகூட ஆகலாம். கொதிக்கவைக்க வேண்டாம், அடியிலுள்ள கசிவுத்தடுப்புப் படலம் உரிந்துவிடும்.

இனி பயன்படுத்தியதும் முதலில் பச்சைத் தண்ணீர்தான். வெந்நீர் பட்டால் ரத்தம் இறுகிக் கறையாகிவிடும். ஊறப்போட்டால் தண்ணீரை மாற்றுங்கள், நாள் கணக்கில் விடாதீர்கள். வாடைக்கு இன்னொரு காரணம், யார் கண்ணிலும் படக்கூடாதென்று புடவைக்கு அடியில் மறைத்துக் காயப்போடுவது. உள்மடிப்பு ஈரமாகவே இருக்கும். நேர் வெயிலில் போடுங்கள், இதில் கூச்சத்துக்கு என்ன இருக்கிறது? நடுப்பகுதியை அழுத்திப் பார்த்து, சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை.

அதிக உதிரப்போக்குள்ள நாட்களில் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அதற்கு முன்பே நனைந்துவிட்டால் நாப்கினில் குறை இல்லாமலும் இருக்கலாம், நீளமான இரவு அளவு தேவைப்படலாம்.