எஸ்எஸ்டியை அழிக்கப் போனால் 'ஃப்ரோசன்' என்கிறதே?

கேள்வி: மன்னார்குடியில் இ-சேவை, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சம்பா பயிர்க் காப்பீட்டுக்காக விவசாயிகளின் சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் எல்லாம் ஸ்கேன் செய்த பழைய கம்ப்யூட்டரை விற்கப் போகிறேன். அதில் இருப்பது 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (கேபிளில் இணையும் சிப் வகை டிஸ்க்). லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து செக்யூர் எரேஸ் (டிஸ்க்கை முழுதாக அழிக்கும் கட்டளை) கொடுத்தால் 'ஃப்ரோசன்' (உறைந்துவிட்டது) என்று வந்து நின்றுவிடுகிறது. டிஸ்க் போய்விட்டதா? வெறும் ஃபார்மட் போதாதா?

பதில்: டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. வைரஸ் ஏதாவது புகுந்து டிஸ்க்குக்கு பாஸ்வேர்டு போட்டுவிடக் கூடாது என்று, ஆன் ஆகும்போதே பயாஸ் (கம்ப்யூட்டரைத் துவக்கும் அடிப்படை மென்பொருள்) போடும் பூட்டு அது. லினக்ஸ் ஓடும்போதே கம்ப்யூட்டரை ஸ்லீப்பில் போடுங்கள். 10 விநாடி விட்டு பவர் பட்டனைத் தட்டி எழுப்புங்கள். டிஸ்க்குக்குக் கரண்ட் ஒருமுறை நின்று வருவதால், பெரும்பாலும் 'நாட் ஃப்ரோசன்' என்று மாறியிருக்கும். எஸ்எஸ்டியைக் கழற்றி யுஎஸ்பி கேஸில் (டிஸ்க்கை வெளியிலிருந்து இணைக்கும் பெட்டி) போட்டு முயல வேண்டாம். பல கேஸ்கள் இந்தக் கட்டளையை டிஸ்க்குக்குக் கடத்துவதே இல்லை.

அழிப்பதற்கு முன் ஒரு தற்காலிக பாஸ்வேர்டு போடச் சொல்லும். அதைக் கட்டாயம் எழுதி வையுங்கள். எனக்கு ஒருமுறை பாதியில் கரண்ட் போய், டிஸ்க் பூட்டிக்கொண்டது. பில் புத்தகத்தின் பின்னட்டையில் பாஸ்வேர்டைக் குறித்து வைத்திருந்ததால்தான் திறக்க முடிந்தது. நம் பக்கத்துக் கரண்டை நம்பாதீர்கள், யுபிஎஸ்ஸில் போட்டுச் செய்யுங்கள். வேலை என்னவோ சில நிமிடம்தான். நல்லபடியாக முடிந்தால் பாஸ்வேர்டும் தானாகவே நீங்கிவிடும்.

ஃபார்மட் போதாது. சிட்டாவில் பெயரை அடித்துவிட்டால் வயல் காணாமல் போய்விடுமா? விரைவு ஃபார்மட்டும் அப்படித்தான், எது எங்கே இருக்கிறது என்ற பட்டியலைத்தான் அழிக்கும். மேலே வேறு கோப்புகளை எழுதி நிரப்பினாலும், எஸ்எஸ்டி தன் உபயோகத்துக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் இடத்தில் பழைய துண்டுகள் தங்கலாம். உங்களுடையது சாட்டா. பென்டிரைவ் போன்ற நீள என்விஎம்இ (வேறு வகை எஸ்எஸ்டி) டிஸ்க் என்றால் அழிக்கும் கட்டளையே வேறு. பல பயாஸ்களில் அதற்கான மெனுவும் உண்டு.

அழித்த பிறகு பென்டிரைவிலிருந்தே திறந்து பாருங்கள். ஒரு பார்ட்டிஷன்கூட (சி, டி போன்ற டிஸ்க் பிரிவு) தெரியக் கூடாது. ஸ்லீப்பிலும் பூட்டு விடவில்லை என்றால், எஸ்எஸ்டியைக் கழற்றி வைத்துக்கொண்டு மீதியை மட்டும் விற்றுவிடுங்கள். விலை கொஞ்சம் குறையும், குறையட்டும். உள்ளே இருப்பது உங்களை நம்பிக் கொடுத்தவர்களின் காகிதம்.